லோடு ஏற்றினால் மட்டும் வெட்டி வெட்டி ஓடும் பழைய பிக்கப், இன்ஜெக்டர் மாற்றணுமா?

காய்வண்டி:
2012 மாடல் டீசல் பிக்கப், காமன் ரெயில் இன்ஜின் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற வகை), 2,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் காய் ஏற்றிக்கொண்டு பாலக்காடு போகிற வண்டி. காலியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. லோடோடு உடுமலை தாண்டினதும் மூணாவது, நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி வெட்டுகிறது. கரும்புகை இல்லை. பட்டறையில் டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள், செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றிவிடவா?

தனிவழி:
கிளட்ச் பாருங்கள். என் வண்டி இப்படித்தான் உதறியது, பிரஷர் பிளேட் மாற்றினதும் சரியாகிவிட்டது.

பழைய ஸ்பேனர்:
கிளட்ச் உதறல் வண்டியை எடுக்கும்போதுதான் தெரியும். ஓடுகிற வண்டியில் கிளட்ச் நழுவினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது, இப்படி வெட்டாது. இது டீசல் பற்றாக்குறை மாதிரி இருக்கிறது. வெட்டும்போது ஓரங்கட்டி ஒரு டீ குடித்துவிட்டு எடுத்தால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடுகிறதா?

காய்வண்டி:
அதேதான் அண்ணா! இருபது கி.மீ. நல்லா ஓடும், அப்புறம் மறுபடியும். சூடு என்று நினைத்தேன்.

பழைய ஸ்பேனர்:
அப்படியென்றால் இன்ஜெக்டருக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். டேங்குக்குள் கிடக்கிற அழுக்கை டீசலோடு சேர்த்து உறிஞ்சும்போது, உறிஞ்சு குழாய் முனையில் இருக்கிற வடிகட்டி வலையில் அப்பிக்கொள்ளும், இன்ஜினை அணைத்தால் உதிர்ந்துவிடும், அதனால்தான் டீ குடித்தால் சரியாகிறது. காலி வண்டிக்கு டீசல் கம்மியாகப் போதும் என்பதால் தெரிவதில்லை. முதலில், வெட்டும் நேரத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, செலவே இல்லை. இல்லையென்றால் ஃபில்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு கேன் டீசலில் விட்டு ஓட்டிப் பாருங்கள். மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விடணும், மறந்தால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். கேனில் ஓட்டியும் வெட்டினால்தான் ஸ்கேனர் மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்கிற ரெயில் அழுத்தமும் (அந்தப் பொதுக் குழாயின் டீசல் அழுத்தம்) உண்மையில் கிடைக்கிற அழுத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கணும், ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி விடுகிற டீசலை பாட்டிலில் பிடித்து அளக்கணும். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் லூஸ் பண்ணிவிடாதீர்கள், அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

காய்வண்டி:
நாலு நாள் ஆச்சு. மூடியில் சத்தம் வரவில்லை. கேனில் விட்டுப் பொள்ளாச்சி வரை முழு லோடோடு ஓட்டினேன், ஒரு வெட்டுகூட இல்லை. டேங்கை இறக்கினால் வலை முழுக்கக் கறுப்பாகக் களி மாதிரி அப்பியிருக்கிறது, கூடவே துருச் செதில். கழுவிப் புது ஃபில்டர் போட்டாயிற்று. ஆனால் 1,500 ஆர்பிஎம்மில் லேசாக ஒரு தயக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது, காலியாக ஓட்டும்போதும்.

தனிவழி:
இஜிஆர் வால்வில் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குள் திருப்பி விடுகிற வால்வு) கரி பிடித்திருக்கும், கழற்றிப் பாருங்கள். இந்தத் தடவை கிளட்ச் என்று சொல்ல மாட்டேன்!