வேலன் ஜென்னிங்ஸ்: அந்த டிவி பாட்டு லாபமா, நஷ்டமா?

பழைய கேசட்: அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புற வேர் கொண்ட இசை) பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் (ஆமாம், தமிழில் எழுதினால் முருகன் பெயர்தான் வருகிறது) என்றதும் பலருக்கு 'த டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' என்ற அமெரிக்க டிவி தொடரின் தொடக்கப் பாட்டு மட்டும்தான் ஞாபகம். ஆரஞ்சு நிறக் கார் பாயும், இவர் குரல் கேட்கும். ஒரு கலகக்காரரை அந்தத் தொடர் சர்க்கஸ் கட்டியக்காரர் ஆக்கிவிட்டது.

ஒத்தக்கம்பி: பாட்டை எழுதியதே அவர்தானே அண்ணே! 1980இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் 21. பாப் பக்கம் அவருடைய வேறெந்தப் பாட்டும் அவ்வளவு மேலே போகவில்லை. தொடரில் பின்னணிக் குரலில் கதை சொன்னதும் அவரே, அந்த வேலையும் அவருக்குப் புதிதில்லை. இந்தத் தொடருக்கு மூலமான 1975 படத்திலேயே அதைச் செய்தவர்.

பழைய கேசட்: நான் பட்டியலைப் பற்றியா பேசினேன்? கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அன்று யார் தயாரிப்பாளர், யார் வாசிப்பது என்பதெல்லாம் கம்பெனி முடிவு. 1972இல் தன் இசைத்தட்டு கம்பெனியான ஆர்சிஏவுடன் மல்லுக்கட்டி, தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுக்கவும் தன் குழுவோடு பதிவு செய்யவும் உரிமை வாங்கினார். மறு வருடமே 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஆல்பம். ஒன்று தவிர எல்லாப் பாட்டும், அன்று பெயரே தெரியாத பாடலாசிரியர் பில்லி ஜோ ஷேவருடையது. எந்த நட்சத்திரம் அந்தத் துணிச்சலைக் காட்டுவான்? இன்று அதை யார் கேட்கிறார்கள்?

இரவுப்பறவை: நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 1959இல் ராக் பாடகர் பட்டி ஹாலிக்கு பேஸ் கிடார் வாசித்தவர் வேலன். காய்ச்சலில் இருந்த சக பாடகர் பிக் பாப்பருக்குத் தன் விமான இருக்கையை விட்டுக்கொடுத்தார். அந்த விமானம்தான் விழுந்தது, ஹாலியும் பிக் பாப்பரும் இறந்தார்கள்.

ஒத்தக்கம்பி: தெரியும். ஆனால் 'கலகக்காரர்' முத்திரையும் கம்பெனி விற்ற சரக்குதான். 1976இல் இவரும் வேறு சிலரும் பாடி வந்த 'வான்டட்! தி அவுட்லாஸ்' (அவுட்லாஸ் என்றால் சட்டத்தை மீறியவர்கள்) பெரும்பாலும் ஏற்கெனவே வெளியான பதிவுகளின் தொகுப்பு. அதுதான் பிளாட்டினம் (பத்து லட்சம் பிரதி விற்பனை) தொட்ட முதல் கன்ட்ரி ஆல்பம். அது கலை, டிவி பாட்டு மட்டும் வியாபாரமா?

பழைய கேசட்: சரி, அது குத்துகிறது. ஆனால் தொடக்கக் காட்சியில் கிடாரும் கையும்தான் தெரியும். முகத்தைக்கூடக் காட்டவில்லையே!

ஒத்தக்கம்பி: அதை அவரே இசைத்தட்டு வடிவத்தில் கிண்டல் செய்து பாடியிருக்கிறார். நொந்துபோனவர் பாடுகிற மாதிரியா இருக்கிறது?

பழைய கேசட்: சிரித்தால் வலி இல்லை என்று அர்த்தமா தம்பி?

இரவுப்பறவை: 1984இல் ஒரு எபிசோடில் வேலனாகவே முகம் காட்டினாரே. இருவரும் அதை மறந்துவிட்டீர்கள்.