பெர்குசனின் 5% விதியும் ஃபுல் டில்ட்டின் காலிக் கல்லாவும்

ரிவர்ராஜா கேட்டது:

கிறிஸ் பெர்குசன் 2000-இல் உலக போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டை வென்று 15 லட்சம் டாலர் எடுத்தவர். கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கையிலிருந்து காசே போடாமல் ஃப்ரீரோலில் (நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டி) தொடங்கி 10,000 டாலர் வரை ஏற்றிக் காட்டினார். அவருடைய விதிகள் தெரிந்தவைதான்: கேஷ் மேசைக்கு (நேரடியாகப் பணம் வைத்து ஆடும் மேசை) பேங்க்ரோலில் (ஆட்டத்துக்கென ஒதுக்கிய மொத்தப் பணம்) 5%க்கு மேல் கொண்டுபோகக் கூடாது, பல மேசை டோர்னமென்ட் என்றால் 2%, மேசையில் உள்ள பணம் பேங்க்ரோலில் 10%ஐத் தாண்டினால் அடுத்த பிளைண்ட் (கட்டாயப் பந்தயம்) வந்ததும் எழுந்துவிட வேண்டும். இவ்வளவு கறாரான ஆள் முன்னின்று தொடங்கிய ஃபுல் டில்ட் என்ற இணைய போக்கர் தளம், 2011-இல் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வழியில்லாமல் நின்றது எப்படி? 'பேராசை' என்று முடித்துவிடாமல் கணக்கோடு சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

அந்த விதிகள் சொந்தப் பணத்துக்கானவை. தளத்தின் கல்லாவில் இருப்பதில் பெரும்பகுதி அடுத்தவர் பணம். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

40 டாலர் பாட் (ஒரு கையில் பந்தயமாகச் சேரும் பணம்), ரேக் (அதில் தளம் எடுக்கும் கழிவு) 5% என்று வையுங்கள். தளத்துக்கு வருவது 2 டாலர். ரேக்கில் ஒரு பங்கைத் திரும்பப் பெறும் ரேக்பேக் ஒப்பந்தம் உள்ளவருக்கு ஃபுல் டில்ட் 27% திருப்பிக் கொடுத்தது. அந்த 2 டாலரும் அவர் கணக்கில் விழுந்தால் 54 சென்ட் போய் மிச்சம் 1.46. சர்வர், விளம்பரம், பணப் பரிமாற்றக் கட்டணம், தளத்தின் சட்டை போட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களின் சம்பளம் எல்லாம் இந்த 1.46-இல்தான் நடக்க வேண்டும். மீதி 38 டாலர் எந்தப் பக்கம் போனாலும் ஆட்டக்காரர் பணம்தான். திரையில் தெரியும் இருப்பு, தளத்தின் பேரேட்டில் கடன்.

அமெரிக்க நீதித்துறை 2011 செப்டம்பரில் திருத்திப் போட்ட வழக்கில் சொன்ன கணக்கு: 2011 மார்ச் இறுதியில் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. 2007 ஏப்ரலிலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது சுமார் 44 கோடி. (பெர்குசன் 2013-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசம் செய்துகொண்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நாலாம்சீட்:

பங்கு பிரித்தது பாதிக் கதை. ஆவி டெபாசிட்தான் இன்னொரு பாதி.

இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போவதைத் தடுத்த 2006 அக்டோபர் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க வங்கிகளிலிருந்து பணம் இழுத்துத் தரும் இடைத்தரகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 2010-இல் ஃபுல் டில்ட்டுக்கு அந்த வழி ஏறக்குறைய அடைந்துபோனது. ஆனால் ஆட்டக்காரர் டெபாசிட் பொத்தானை அழுத்தினால், வங்கியிலிருந்து ஒரு காசும் வராமலே கணக்கில் வரவு விழுந்தது. வழக்கின்படி இதனால் விழுந்த ஓட்டை சுமார் 13 கோடி டாலர்.

இதே தவறைச் சூதாட்ட விடுதி செய்திருந்தால் இவ்வளவு அடி விழாது. அங்கே வாடிக்கையாளர் தோற்ற பொய்ப்பணம் விடுதியிடமே திரும்பும். போக்கரில் அப்படியில்லை. முதல் ஆள் வராத 600 டாலரைத் தோற்கிறார். ஜெயித்தவர் அதை நிஜப் பணமாக வெளியே எடுக்கிறார். அந்த 600, மூன்றாவது ஆள் உண்மையாகவே கட்டிய டெபாசிட்டிலிருந்து போகிறது. மேசையில் கை மாற மாற எது நிஜம், எது பொய் என்று பிரிக்கவே முடியாது.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு தளங்களின் இணைய முகவரிகளை முடக்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டார்கள், குட்டு உடைந்தது. அதே நாளில் அதே வழக்கில் சிக்கிய போட்டித் தளமான போக்கர்ஸ்டார்ஸ், ஆட்டக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்ததால் திருப்பிக் கொடுத்தது. அதன் நிறுவனர் ஐசாய் ஷைன்பெர்க் முன்னாள் ஐபிஎம் நிரலாளர், பெயர் பெற்ற ஆட்டக்காரர் அல்ல. 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் ஃபுல் டில்ட்டையே வாங்கிக்கொண்டது. அரசுக்கு 54.7 கோடி, அமெரிக்காவுக்கு வெளியே இருந்த ஆட்டக்காரர்களுக்கு 18.4 கோடி டாலர் என்று ஒப்பந்தம்.

ஓமகா_ஒண்டி:

பணத்தைச் சரியாக வைத்தும் முடியாமல் போனது உண்டு. பெயர் பெற்ற ஆட்டக்காரர் பில் கால்ஃபண்டின் ரன் இட் ஒன்ஸ் போக்கர் தளத்தைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் தொடங்கி 2022 ஜனவரியில் மூடினார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பியது, பிறகு ரஷ் ஸ்ட்ரீட் இன்டராக்டிவ் என்ற சூதாட்ட நிறுவனம் தளத்தை வாங்கியது.

இடறியது கூட்டம் சேராமல்தான். ஒரு நேரத்தில் 90 பேர், ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு 6 நாற்காலி என்றால் 15 மேசை. அதை ஹோல்டெம், ஓமகா என்று இரண்டு ஆட்ட வகைகளாக்கி, ஒவ்வொன்றிலும் 6 ஸ்டேக் (பந்தய அளவு) வைத்தால் 12 பெட்டி. பெட்டிக்கு ஒரு மேசைதான் தேறும். புதிதாக வருபவர் பார்ப்பது நிரம்பிய மேசை அல்லது காலி மேசை. இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விடுவார்.

இத்தனைக்கும் ஆட்டக்காரர் கண்ணால் யோசித்த தளம் அது. பலவீனமானவரைத் துரத்தாதபடி மேசைக்கு மேசை மாறும் புனைபெயர், ரேக்கின் ஒரு பங்கை எதிர்பாராத பாட்டில் கொட்டும் ஏற்பாடு. ஆனால் தொடக்கத்தில் கேஷ் மேசை மட்டுமே, டோர்னமென்ட் இல்லை. சும்மா பொழுதுபோக்க வருபவர் தேடுவது டோர்னமென்ட்டைத்தான்! 2020-இல் கால்ஃபண்ட் ஓமகாவில் 25,000 கைகள் கொண்ட சவாலில் 9 லட்சம் யூரோவுக்கு மேல் பின்தங்கி, கடைசியில் 1,671 யூரோ முன்னால் முடித்தார். வேடிக்கை பார்க்க ஊரே வந்தது, சின்ன ஸ்டேக்கில் உட்கார வரவில்லை.

ரிவர்ராஜா:

அப்படியானால் 'தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம்' என்று தளம் எழுதியிருந்தால் நம்பலாமா?

கணக்கப்பிள்ளை:

அந்த வரி மட்டும் போதாது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் உரிமதாரர்களைப் பாதுகாப்பின் நிலையையும் சொல்ல வைக்கிறது. வெறும் தனி வங்கிக் கணக்கு என்றால் 'பாதுகாப்பில்லை' வகைதான், திவாலானால் அந்தப் பணம் மற்ற கடன்காரர்களுக்கும் போகலாம். 'நடுத்தரம்' என்றால் திவாலானாலும் பணம் கிடைக்க ஏதாவது ஏற்பாடு உண்டு, முழு உறுதி இல்லை. 'உயர்' என்றால் சட்டப்படி தனி அறக்கட்டளைக் கணக்கு, வெளியாள் கண்காணிப்பு, தணிக்கை. விதிமுறைப் பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று தேடுங்கள்.

நாலாம்சீட்:

இன்னொன்று. டெபாசிட் உடனே ஏறி, வெளியே எடுப்பது மட்டும் வாரக்கணக்கில் இழுத்தால், நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இருப்பதை முதலில் எடுங்கள்.