நாய்க் காப்பகத்தின் சேர்க்கை விதிகள் குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். வெளியூர் செல்வோரின் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் சிறிய காப்பகம் ஒன்றைக் கோவையில் நானும் என் தங்கையும் நடத்தி வருகிறோம். ஒரே நேரத்தில் எட்டு நாய்களுக்கு மேல் ஏற்பதில்லை. ரேபிஸ் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்ட அட்டையைப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம். வாசலிலேயே காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் விரித்து உண்ணி இருக்கிறதா என்று தேடிவிடுவோம்.

சிக்கல், நாய்களிடையே எளிதில் பரவும் இருமல் நோயான கென்னல் காஃபில் வந்து நிற்கிறது. நலமாகத் தெரிந்த ஒரு லாப்ரடார், வந்த நான்காம் நாள் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமத் தொடங்கியது. தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம் என்பதால், வாசல் சோதனையில் இதைப் பிடிக்க வழியில்லை. உடனே தனி அறைக்கு மாற்றி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பிரித்துவைத்தும் மேலும் இரண்டு நாய்களுக்குப் பரவிவிட்டது. (அவற்றின் மருத்துவச் செலவை நாங்களே ஏற்றோம், அது சரிதானா என்று தங்கையோடு இன்னும் வாக்குவாதம்.)

தீபாவளிக்கான முன்பதிவு தொடங்குவதற்குள் விதிகளை எழுத்தில் வைக்க விரும்புகிறோம். மூக்கில் விடும் கென்னல் காஃப் தடுப்பு மருந்தை, இதுபோன்ற காப்பகம் நடத்தும் நீங்கள் கட்டாயமாக்கியிருக்கிறீர்களா, அப்படியானால் வருகைக்கு எத்தனை நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள்? தங்கும்போது நோய் வந்தால் செலவு யாருடையது என்பதை ஒப்புதல் படிவத்தில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? மாதிரிப் படிவம் இருந்தால் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.