இணையத்தில் தேடி ஆலயத்துக்கு வந்தவர்கள்: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து:

எங்கள் சிஎஸ்ஐ ஆலயத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும் செய்திகளுக்கு நானும் பெண்கள் ஐக்கியத்து அக்கா ஒருவரும்தான் பதில் போடுகிறோம். நற்செய்திப் பணிக்கு இணையம் என்றாலே எல்லோரும் நேரலை, ரீல்ஸ் என்று பேசுகிறார்கள். நான் பார்த்தவரை எங்கள் வாசலுக்குப் புது ஆட்களை அழைத்து வந்தது கூகுள் மேப்தான். அதைப் பற்றி யாரும் பேசக் காணோம், அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அரூர் பக்கத்துக்காரர். மனைவி பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டில், குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில். வெளியே துண்டு விரித்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் சர்ச் ஏதாவது இருக்கிறதா என்று போனில் தேடியிருக்கிறார். "அம்மா, கோயில் தொறந்திருக்குமா? கொஞ்ச நேரம் உட்காரணும்." அவ்வளவுதான் செய்தி. அவர் கிறிஸ்தவர் இல்லை.

அந்நேரத்துக்குக் கேட் பூட்டியிருக்கும். காலையில் ஆறு மணிக்குத் திறந்து வைக்கிறேன், வாருங்கள் என்று பதில் சொன்னேன். வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். குழந்தைக்காக ஜெபம் பண்ணலாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் பண்ணினோம். தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகும்வரை அக்கா வீட்டிலிருந்து தினமும் கஞ்சி போனது. அவர் சபையில் சேரவில்லை, நாங்கள் யாரும் சேரச் சொல்லவும் இல்லை. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார், கூடவே பிள்ளையின் படமும் வரும். "இதையும் ஊழியத்தில் சேர்ப்பீங்களா?" என்று கமிட்டி அண்ணன் ஒருவர் கேட்டார். சேர்ப்பேன் என்றுதான் சொன்னேன்.

இன்னொன்று. உங்கள் ஆலயத்தை மேப்பில் போட்டவர் யாரோ வழிப்போக்கராக இருக்கலாம். அதில் உள்ள ஆராதனை நேரம் தப்பாகவும் இருக்கலாம். அந்தப் பதிவை உரிமை கோரும் வசதி அங்கேயே இருக்கிறது. கேட்டால் வாசலையும் பெயர்ப்பலகையையும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டிவரும். அது முடிந்தால் எண்ணையும் நேரத்தையும் நாமே சரி செய்யலாம். பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் போன்ற நாட்களுக்கு நேரத்தைத் தனியாகக் குறிக்கலாம். கட்டடத்தின் அழகான படம் ஒன்று போதும். கேட் எந்தத் தெருவில் இருக்கிறது என்று காட்டும் படம்தான் அவசியம். அப்புறம் அந்த எண்ணை எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

ஒரு சந்தேகமும் உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியலில், நான் அனுப்பும் செய்தி பாதிப்பேருக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஏன்?

ஏற்காடு, நாகலூர் பக்கத்திலிருந்து:

அஸ்தம்பட்டி அக்கா சொன்னது டவுனுக்குப் பொருந்தும். எங்களுக்கு முதலில் சிக்னல் கிடைக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏரிக்கரைக்கு வந்துவிட்டால் போன் நன்றாகவே வேலை செய்யும். உள்ளே எஸ்டேட் லைன் வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனால், காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவில் எந்தப் பாறைமேல் நின்றால் ஒரு கோடு வரும் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் மலைக்குத் தொலைதூரக் குரல் புதிதில்லை. என் பெரியப்பா சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோவில் மணிலாவிலிருந்து வரும் வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் நிகழ்ச்சி கேட்டு வளர்ந்தவர். நேயர் கடிதம் எழுதுவார், கடிதத்தை வாசிக்கும் நாளில் லைனே கூடி உட்காரும். 2018 நடுவில் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறினார்கள். நகரத்தில் இருந்தவர்களுக்கு அது நல்ல மாற்றம்தான். பெரியப்பா கையில் இருந்ததோ பட்டன் போன். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு சாத்தியது போலாகிவிட்டது. புதுக் கருவிக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பங்குப் பேரவையில், அதாவது எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில், முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அவரால்தான்.

2020-இல் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்பு ஞாயிறு, இரண்டு நாளும் கோயில் பூட்டு. ஃபாதர் போனில் நேரலை போட்டார், பாதியில் நின்றுபோனது. அப்போது ஒரு சிஸ்டர்தான் வழி சொன்னார்கள். சாதாரணப் போனிலேயே கான்ஃபரன்ஸ் காலில் அழைப்பவரோடு சேர்த்து ஆறு பேர் பேசலாம். ஜெபமாலையில் மறையுண்மை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மணி. அழைப்பவர் தொடங்கி வைத்தால், மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பத்து மணி சொல்லலாம். கணக்கு அப்படியே பொருந்தியது. அன்பியத்துக்கு அன்பியம் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) இப்படி ஆறு ஆறு பேராகச் சேர்த்தோம். இணையமே வேண்டாம்.

அதில் ஒரு பாட்டியம்மா. முட்டிவலியால் பல வருடமாகப் பூசைக்கே வராதவர். பங்கில் பலருக்கு அவர் இருப்பதே மறந்துவிட்டது. தன் முறை வந்ததும் அவர் குரல் கேட்டு, அதே அழைப்பில் இருந்த இன்னொரு அம்மா "அக்கா, நீங்களா?" என்று ஜெபத்தை நிறுத்திவிட்டார். இருவரும் ஒன்றாகக் காப்பிப் பழம் பறித்தவர்கள். ஊரடங்கு முடிந்தது, கோயில் திறந்தது, அந்தக் கான்ஃபரன்ஸ் மட்டும் நிற்கவில்லை. ஃபாதர் மாதம் ஒருமுறை ஜீப்பில் போய் அந்தப் பாட்டியம்மாவுக்கு நற்கருணை கொடுக்கிறார். போன் செய்த வேலை, இப்படி ஒருவர் அங்கே இருக்கிறார் என்று பங்குக்குச் சொன்னது.

வாழவந்தியிலிருந்து:

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் இளைஞர் ஒருவர் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். சூப்பர்வைசர் மூலமாக அவர் எண்ணை வைத்திருந்த ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் "நாங்க வரலாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. கோயிலுக்கு வரலாமா என்று ஒருவர் அனுமதி கேட்கும் நிலையில் நாம் வைத்திருக்கலாமா?

வந்தார்கள். வாசகத்தைப் பைபிள் செயலியில் இந்தியில் வைத்துக் கூடவே படித்தார்கள். பூசை முடிந்து அவர்கள் ஊர்ப் பக்கம் பேசும் சாத்ரி மொழியில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, மாந்தர் மேளத்தோடு. எங்கள் பாடகர் குழுப் பிள்ளைகள் அதை யூடியூபில் தேடிக் கற்றுக்கொண்டார்கள். இப்போது பூசை நேரத்தை இந்தியிலும் ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறோம். பேசுவது அந்தத் தம்பியேதான்.

அம்மாபேட்டையிலிருந்து:

ஸ்தோத்திரம். நல்ல சாட்சிகளைப் படித்து மனம் நிறைந்தது. கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி தன் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லி ஜெபம் கேட்டார். யாரோ நல்லெண்ணத்தில் அதைப் பெயரோடு சபைக் குரூப்பில் போட்டார்கள். குரூப்பில் இருந்து குரூப்புக்குத் தாவி, மறுநாளே அவர் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் எந்தச் சபைக்கும் போவதில்லை. நான் போய்ப் பார்க்கிறேன், பேசுவார், ஜெபிக்க மட்டும் வேண்டாம் என்பார்.

எங்கள் சபையில் இப்போது ஜெப விண்ணப்பம் ஒரே எண்ணுக்குத்தான் போகும், பாஸ்டரம்மா மட்டும் பார்ப்பார். குரூப்பில் "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் வரும். கர்த்தருக்குப் பெயர் தெரியும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவர் அழுதுகொண்டு சொன்னதை நாம் பரப்பக் கூடாது. பிள்ளைகள் படத்துக்கும் இதேதான், பெற்றவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். பாஸ்டர் படத்தை வைத்த புது எண்ணிலிருந்து அவசரம், பணம் அனுப்புங்கள் என்று வந்தால், பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் நம்ப வேண்டும்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து:

அஸ்தம்பட்டி அக்கா, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேராது. முதலில் அவர்களை ஒரு "ஹலோ" அனுப்பச் சொல்லி, எண்ணைப் பதியச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். நிறையப் பேர் புகார் கொடுத்தால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். அது போக, வேண்டாத வீட்டுக்குள் புகுவது நம் வேலையும் இல்லை.

எங்கள் ஆலயத்தில் நேரலை பார்த்துக்கொள்வது வாலிபர் ஐக்கியம். படம் சுமாராக இருந்தால் யாரும் கோபப்படுவதில்லை, சத்தம் கெட்டால் உடனே விலகிவிடுகிறார்கள். போன் மைக்கில் எடுத்தால் ஃபேன் இரைச்சல்தான் கேட்கும். ஆலயத்தின் சவுண்ட் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (மிக்ஸர் சத்தத்தைப் போன் ஏற்கும்படி மாற்றும் பெட்டி) வழியாகப் போனுக்குக் கொடுங்கள், பிரசங்கம் தெளிவாகக் கேட்கும். போனிலிருந்து யூடியூப் நேரலை போடச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல் தடவை அனுமதி வர ஒரு நாள் ஆகலாம். ஞாயிறு காலையில் போய் ஆரம்பிக்காதீர்கள்.

படுக்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்கு டிவியில் இதைப் போட்டுக் கொடுக்கப் போனேன். நன்றாகத் தெரிகிறதா டீச்சர் என்றேன். "ஆயரை நல்லாப் பாக்குறேன் தம்பி. ஆனா யார் யார் வந்திருக்காங்கன்னே தெரியலையே. என் பக்கத்துல உட்காருறவ வந்தாளா?" என்றார். நாங்கள் எப்போதும் பீடத்தை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தோம். இப்போது கடைசிப் பாட்டுக்குக் கேமரா மக்கள் பக்கம் திரும்புகிறது. முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் இடப்பக்கம் தூண் ஓரம் உட்காரலாம் என்று அறிவித்திருக்கிறோம். டீச்சர் பக்கத்தில் உட்காரும் அந்த அம்மா பாட்டு முடிந்ததும் கேமராவைப் பார்த்துக் கை காட்டுவார், மதியம் டீச்சருக்குப் போனும் போடுவார்.