நெல்லின் உத்தரவாத விலையும் சட்டமும்: எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது

சுதா: தேவன் மாமா, அரசு நெல்லை வாங்குவதாக அறிவிக்கும் உத்தரவாத விலையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் விவசாயிக்கு இனிக் கவலையில்லை என்று கொழும்பில் எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது சரிதானா?

தேவன் மாமா: விலையை மட்டும் எழுதினால் போதாது மகள். 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் நெல் சந்தைப்படுத்தும் சபையை அமைத்து, நெல்லை வாங்கவும் விற்கவும் குற்றி அரிசியாக்கவும் அதற்கு அதிகாரம் கொடுத்தது. அதிகாரம் இருப்பது வேறு, அறுவடை நேரத்தில் களஞ்சியத்தைத் திறந்து காசுடன் நிற்பது வேறு. 2025 பெப்ரவரி முதல் வாரத்தில் கிலோ நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அறிவித்தபோது, மட்டக்களப்பில் எங்கள் படுவான்கரை வயல் வட்டைகளில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டிருந்தது.

ரவி: அறிவித்த பிறகாவது களஞ்சியத்துக்குக் கொண்டுபோயிருக்கலாமே மாமா?

தேவன் மாமா: சம்மாந்துறையில் கடை வைத்திருக்கும் உனக்கு அப்படித்தான் தோன்றும். சபை கேட்பது ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல். மெஷின் கொட்டுகிற நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார், நொறுங்காமல் நசியும். அதைக் காயவைக்க நல்ல வெயிலும் தார் வீதியோரத்தில் இடமும் வேண்டும். மெஷின்காரருக்கும் உரத்தைக் கடனாகத் தந்த முதலாளிக்கும் கையோடு காசு கொடுக்க வேண்டியிருப்பதால், தராசுடன் வரம்படிக்கே வரும் வியாபாரி சொல்லும் விலைக்கு ஈர நெல்லாகவே போய்விடுகிறது.

சுதா: இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதல்லவா?

தேவன் மாமா: அங்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை சட்டத்தால் கட்டாயமானதன்று. ஆனால் விதைப்புக் காலத்தை ஒட்டியே அதை அறிவிக்கிறார்கள்; பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அரசே பெருமளவில் வாங்குவதால் அது கைக்கு வரும் விலையாகிறது. 2020 செப்டெம்பரில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்கள் அந்தக் கொள்முதலைத் தளர்த்திவிடும் என்று அஞ்சித்தான் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். 2021 நவம்பரில் அவை நீக்கப்பட்டன.

ரவி: நெல் விலையைக் கூட்டினால் அரிசி வாங்குகிறவர்கள் என்ன செய்வது? 2024 டிசம்பரிலேயே ஒரு கிலோ நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230 ரூபாயாகிவிட்டது.

தேவன் மாமா: கணக்கைப் பார் ரவி. அந்த 2025 விலையில் நூறு கிலோ நாட்டு நெல்லுக்கு 12,000 ரூபாய். அதிலிருந்து ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும், அதாவது கிலோவுக்கு 185 ரூபாய் அளவில் நெல்லின் விலை. மீதி 45 ரூபாய்க்குள் குற்றுகூலி, ஏற்றுக்கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்கும். தவிட்டுக் காசு தனி. (உன் லாபத்தைச் சொல்லவில்லை, கோபிக்காதே.) அதே நெல்லை வரம்படியில் 95 ரூபாய்க்குக் கொடுத்தாலும் கடையில் அரிசி விலை இறங்குவதை நான் கண்டதில்லை.

சுதா: அப்படியானால் சட்டத்தில் எதைச் சேர்க்கச் சொல்கிறீர்கள் மாமா? விவசாய அமைப்பின் கூட்டத்துக்குக் கடிதமாக எழுதித் தருகிறேன்.

தேவன் மாமா: பெரும்போகத்துக்கு விதைப்பதற்கு முன்பே விலையை அறிவிக்க வேண்டும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதல் அறுவடை தொடங்கும் அன்றே இங்குள்ள களஞ்சியங்கள் திறக்க வேண்டும், ஈர நெல்லுக்கும் கழிவு போக ஒரு விலை எழுத்தில் இருக்க வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தையும் சேர்த்துக்கொள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.