மறு: சப்ரெசருக்குச் சொல்: 'பொதுத் தணிப்பான்' சரிவராது

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, துப்பாக்கி முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரெசருக்கு ஈரோட்டு அண்ணன் 'ஒலிநீக்கி' என்று எழுதியிருந்தார். சொல் சுருக்கமானதுதான், பொருள்தான் தவறு. கைத்துப்பாக்கி வெடிச்சத்தம் ஏறத்தாழ 160 டெசிபல். சப்ரெசர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும், அவ்வளவே. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை வாங்கி 'சைலன்சர்' என்று விற்றார். அந்த விற்பனைப் பெயரைத் தமிழிலும் மெய்யாக்க வேண்டாம்.

'தணிப்பான்' என்று வைப்போம். உள்ளே நடப்பதும் தணிதல்தான்: குழலிலிருந்து பீறிடும் வளி தடுப்புத் தடுப்பாக மோதி விரிந்து, சூடும் வேகமும் குறைந்து வெளியேறுகிறது. வெயில் தணிந்தது என்றால் வெயிலே இல்லை என்றா பொருள்?

அடுத்தது, ஒரே தணிப்பானை இரண்டு மூன்று துப்பாக்கிகளுக்கு மாற்றி மாட்டிக்கொள்வது. அமெரிக்காவில் 1934 சட்டம் ஒவ்வொரு தணிப்பானுக்கும் பதிவும் 200 டாலர் வரியும் விதித்ததால் அங்கே இந்த வழக்கம் பரவலானது. இதற்குக் குழுவில் வந்த 'பொதுத் தணிப்பான்' எனக்கு ஒப்பவில்லை. பொது என்றால் இருபக்கமும் செல்லும் என்றாகிவிடும், இதுவோ ஒருவழிதான். புள்ளி 45 இஞ்ச் என்று பெயர் கொண்ட குண்டு சுமார் 11.5 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் குண்டு பேருக்கேற்ற பருமன். 45-க்கான தணிப்பானில் ஒன்பது தாராளமாகப் போகும். ஒன்பதுக்கானதில் 45-ஐச் சுட்டால் குண்டு தடுப்புகளில் இடித்து எல்லாம் சிதறிவிடும்.

நம் காட்டில் பார்த்ததுதானே. ஆறரை இஞ்ச் போர்வெல் குழியில் நாலு இஞ்ச் மோட்டார் இறங்கும். நாலரை இஞ்ச் போரில் ஆறு இஞ்ச் மோட்டாரை இறக்க யாரும் துணிவதில்லை. சின்ன மோட்டாரைச் சுற்றி இடைவெளி கிடப்பதுபோல, சின்ன குண்டைச் சுற்றியும் துளை அகன்று கிடக்கும்; அதன் வழியே வளி கசிவதால் சத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். ஆகவே தாங்கும் உச்ச அளவைச் சொல்லும் 'பெருவிட்டத் தணிப்பான்' என்பதே என் பரிந்துரை. படிக்கிறவருக்கு எச்சரிக்கையும் அந்தப் பெயரிலேயே இருக்கும்.

துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாற்றும் இணைப்புத் துண்டுக்கு 'திரிபிழைப் பொருத்தி' என்றொரு சொல் வந்திருக்கிறது; திருகும் மரையைத்தான் 'திரிபிழை' என்கிறார்கள். போன வாரம் கோவை கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில் இதைப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த போல்ட்டைத் துணியில் துடைத்து, விரல்நகத்தை அதன் புரியில் ஓட்டிக்கொண்டே கேட்டார்: "மரை இருக்கறப்ப அதுக்கெதுக்கு கண்ணு புதுப் பேரு?"

நியாயம்தான். ஒன்பதுக்கு அரை இஞ்ச் விட்டத்தில் இஞ்சுக்கு 28 மரை, 45-க்குப் புள்ளி 578 இஞ்சில் அதே 28, ஐரோப்பியத் துப்பாக்கிகள் சிலவற்றில் 13.5 மில்லிமீட்டரில் இடதுமரை என்று வேறுபடுவதால்தான் அந்தத் துண்டையே மாற்ற வேண்டியிருக்கிறது. 'மரைக்கழுத்து' என்றால் பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

குண்டின் பருமனைச் சொல்லும் அளவுப்பெயரான காலிபரை மட்டும் காலிபர் என்றே விடலாம் என்பேன். புள்ளி 38 என்று பெயர் கொண்ட குண்டின் உண்மை விட்டம் புள்ளி 357 இஞ்ச். அதைக் 'குழல்விட்டம்' என்று பெயர்த்தால், அளந்து பார்க்கிறவர் நம் சொல்லைத்தான் குறை சொல்வார். அண்ணனுக்கு வேறு யோசனை இருந்தால் எழுதட்டும். பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசிவிடலாம்.