ஐயாவின் ரின்னுக்குள் இருந்த ஒரு ரூபாய்

குழு: ஐயா வீடு, கோண்டாவில்

வதனி: அம்மப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் அவரின் அலுமாரியை ஒதுக்குகிறோம். நெஸ்டமோல்ட் தகர ரின் நிறையக் காசு. இதைப் பாருங்கோ [2 படங்கள்]

பாபு: 1972 ஒரு ரூபாய். ஒரு பக்கம் 1. மற்றப் பக்கமும் 1, ஆனால் திரும்பி, குழிஞ்சு கிடக்கு

கண்ணன் (கனடா): டேய் அது புரொக்கேஜ்!! அடிக்கிற இடத்திலேயே பிழைச்சது

ரூபி: விக்கலாமோ

பாபு: முகநூலில் ஒருத்தர் இப்படிக் காசுக்கு லட்சக்கணக்கில் தருவாராம். முதலில் பதிவுக் காசு கட்ட வேணுமாம்

நடா: ஒருவரும் ஒரு சதமும் கட்டக்கூடாது. பொருளை வாங்குகிறவன் விற்கிறவனிடம் ஏன் காசு கேட்கிறான்? வதனி, சிங்கம் இருக்க வேண்டிய பக்கத்தை ஜன்னலோரம் சரித்துப் பிடித்து இன்னொரு படம் எடு.

ரூபி: அண்ணா கீரிமலைக்கு வான் சொல்லியாச்சோ

நடா: பொறு பிள்ளை. கண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம். காசு அடிக்கும்போது மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வெற்றுத் தட்டு. ஒரே அடியில் இரண்டு பக்கமும் விழும். அடித்த காசு விலகி அடுத்த தட்டுக்கு இடம் விட வேண்டும். சில வேளை அது விலகாமல் ஓர் அச்சிலேயே ஒட்டி நின்றுவிடும். பிறகு வரும் தட்டின் அந்தப் பக்கத்தில் அச்சுப் படாது, ஒட்டிய காசுதான் படும். காசில் மேடாக இருப்பது தட்டில் பள்ளமாக, இடம் வலம் மாறி விழும். சிங்க அச்சில் காசு ஒட்டினால் அதன் 1 பக்கம்தான் வெளியே பார்த்திருக்கும். ஆகவே அடுத்த காசில் ஒரு பக்கம் நேரான 1, மறுபக்கம் குழிந்த 1. இதுதான் புரொக்கேஜ்.

கண்ணன் (கனடா): அதைத்தானே அப்பா நானும் சொன்னனான்

நடா: முழுக்கக் கேள். அப்படி நடந்திருந்தால் அந்தக் காசில் சிங்கம் விழ வழியே இல்லை. சிங்க அச்சை மற்றக் காசு மறைத்துக்கொண்டல்லவா நிற்கிறது.

வதனி: [படம்]

வதனி: மாமா, குழிஞ்ச 1க்கு அடியில் சிங்கத்தின் வால் தெரியுது

நடா: பார்த்தேன். வாள் பிடித்த கையும் நசிந்து கிடக்கிறது. சிங்கம் முதலில் ஒழுங்காக விழுந்திருக்கிறது, 1 பிறகுதான் அதன் மேல் ஏறியிருக்கிறது. அதுவும் ஆழமில்லாமல், ஒரு பக்கம் சரிந்து. இது நாணயசாலைக்கு வெளியே நடந்த வேலை.

ரூபி: ரெயிலாத்தான் இருக்கும். சின்னனில ஸ்டேசனடியில தண்டவாளத்தில காசு வைக்கிறனாங்கள் எல்லோ. பெரியண்ணா அடி வாங்கினது ஞாபகமோ

தேவன்: அடி வாங்கினது நான்

ரூபி: அட தேவன் கதைக்கிறார்

நடா: ரெயில் என்றால் 1990க்கு முதல் நடந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 2015 வரை இந்தப் பக்கம் ரெயில் ஓடவில்லை. ஆனால் சில்லு ஏறிய காசு நீண்டு தகடாகிவிடும், எழுத்தும் மிஞ்சாது. பாபு, ரின்னில் உள்ள மற்ற 1972 ரூபாயோடு அடுக்கிப் பார்.

பாபு: கிட்டத்தட்ட ஒரே அளவு. இது நூலளவு பெரிசு

வதனி: நேரான 1 பக்கத்தில் விளிம்போடு குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் இருக்கு. வலை மாதிரி

நடா: அது வைஸின், அதாவது இரும்பை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியின், பல்லுத் தடம்! இரண்டு ரூபாயை முகத்தோடு முகம் வைத்து வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் சோடி ஒன்று இருக்க வேண்டும். அதில் 1 நசிந்து, அதன் மேல் திரும்பிய சிங்கம் குழிந்திருக்கும். முதுகில் இதே பல்லுத் தடம் இருக்கும். அது கிடைத்தால் வேறு சாட்சி தேவையில்லை. பாபு, ரின்னைக் கொட்டித் தேடு.

பாபு: கொட்டியாச்சு. இல்லை. மாடு போட்ட சின்னச் செப்புக்காசு ஒண்டு இருக்கு [படம்]

நடா: நந்தியும் கீழே சேது என்ற எழுத்தும் தெரிகிறதா? அப்படியானால் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. அது கையால் அடித்தது, படம் ஒதுங்கி நிற்பது அதில் வழமை. அதைப் பிழை என்று சொல்லக்கூடாது. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

ரூபி: ஊறப் போட்டிட்டன்

நடா: உடனே எடு!! வெறும் தண்ணீரில் அலசி நிழலில் வை.

வதனி: எடுத்திட்டன் மாமா. நல்லூர் மியூசியத்தில் காட்டுவமோ

கண்ணன் (கனடா): அது கிடக்கட்டும், வைஸ் ஆருடையது

ரூபி: ஐயாவின்ர. கராச்சில நிண்டது. பங்கு பிரிக்கேக்க ஆர் கொண்டுபோனதெண்டு ஊருக்கே தெரியும்

வதனி: அம்மா

தேவன்: ஐயா தந்தது

ரூபி: சரி

தேவன்: [படம்]

பாபு: 1க்கு மேல சிங்கம்!!! திரும்பின சிங்கம்

தேவன்: ஐயாவும் நானும் நசிச்சது. ஆளுக்கொண்டு

நடா: தேவன், முதுகுப் பக்கத்தையும் அனுப்பு.

தேவன்: [படம்]

நடா: பல்லுத் தடம் அப்படியே இருக்கிறது. காரணம் இதுதான், இனிச் சந்தேகமில்லை.

கண்ணன் (கனடா): அப்ப பெறுமதி இல்லையோ

நடா: சேகரிக்கிறவர்களுக்கு இது சேதமான காசு. அச்சுப் பிழை என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. ஐயாவின் பெயரில் அதைச் செய்ய நான் விடமாட்டேன். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

ரூபி: ஆற்றை வீட்டில

பாபு: 🙄

நடா: அதைப் பிறகு கதைப்போம். தேவன், அந்தியேட்டிக்கு வரும்போது உன்னுடையதையும் கொண்டு வா.

ரூபி: வைஸையும்

வதனி: அம்மா!! வான்காரர் கேக்கிறார், 14 பேரோ 15 பேரோ

ரூபி: தேவன் வாறியோ

தேவன்: பாப்பம். வந்தால் மோட்டச்சைக்கிளில

வதனி: அப்ப நான் எத்தனை எண்டு சொல்ல